ஜீப்ராவா, பெங்காலீஸா? அம்பத்தூர் வீட்டுக்கு எந்தக் குருவி

சென்ற மாதம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அம்பத்தூரில் இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார்கள். மகளுக்குப் பத்து வயது. நாய் வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். "லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடுத்துவிடலாமா, அக்கா?" என்று கேட்டாள். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் என்னும் குட்டிக் கிளி. விடிந்ததும் அது தொடங்கும் கச்சேரி பொழுது சாயும் வரை ஓயாது. என் மைத்துனரோ தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துவிட்டு வந்து மதியம் ஒரு மணி வரை தூங்குகிறவர். "கிளி வேண்டாம், குருவியாகப் பார்" என்றேன். கூண்டில் வளர்க்கும் சின்னக் குருவி என்றால் சென்னையில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு: ஜீப்ரா ஃபின்ச், பெங்காலீஸ் ஃபின்ச். "இரண்டில் எது நல்லது?" என்றாள்.

ஜீப்ராவை மூன்று ஆண்டுகள் வளர்த்திருக்கிறேன். பெங்காலீஸ் வந்து இது நான்காவது ஆண்டு. அன்று அவளிடம் அரை மணி நேரம் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் உறவுமுறை. ஃபின்ச் என்று அழைத்தாலும் இரண்டுமே ஐரோப்பாவின் அசல் ஃபின்ச் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. நம் வயல்வெளிச் சில்லைக் குருவிகளின் (முனியாக்களின்) குடும்பமான எஸ்ட்ரில்டிடே வகையைச் சேர்ந்தவை. ஜீப்ரா ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்காரன். பெங்காலீஸ் காட்டில் எங்குமே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை முதல் சீனா வரை பரவியிருக்கும் வெண்முதுகுச் சில்லையைச் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோய், ஏறத்தாழ 250 ஆண்டுகளாகக் கூண்டிலேயே வளர்த்து உருவாக்கிய வீட்டுப் பறவை அது. வங்காளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. ஆடு, கோழி போலக் கூண்டே அதன் ஊர். ஜீப்ராவும் பல தலைமுறைகளாக மனிதர் கையில் வளர்ந்ததுதான். ஆனாலும் மழை மேகத்தைக் கண்டால் அதற்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொள்கிறது.

அழகுப் போட்டி வைத்தால் ஜீப்ரா ஜெயிக்கும். ஆண் பறவையின் கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், தொண்டையில் கறுப்பும் வெளுப்புமாக மெல்லிய வரிகள், விலாவில் செம்பழுப்பின் மீது வெள்ளைப் புள்ளிகள், அரளிப் பூ போல் சிவந்த அலகு. பெண்ணுக்குச் சாம்பல் உடம்பும் ஆரஞ்சு அலகும் மட்டும். இரண்டுக்குமே கண்ணுக்குக் கீழே மை வழிந்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு உண்டு. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலே ஆண் எது, பெண் எது என்று சொல்லிவிடலாம். கடைக்காரர் ஜோடி என்று கொடுத்தால் அது ஜோடிதான். முழு வெள்ளை ஜீப்ராக்களில் மட்டும் அலகின் சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெங்காலீஸ் அப்படிக் கண்ணைப் பறிக்காது. சாக்லேட் பழுப்பு, வெளிர் பழுப்பு, வெள்ளை, அல்லது பழுப்பின் மீது சுண்ணாம்பு தெளித்தாற்போல் திட்டுத் திட்டான வெள்ளை. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். இதுதான் புதிதாக வாங்குகிறவர்களைத் தடுமாற வைக்கும் இடம். இதற்கு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ஆனால் வாங்கும் நேரத்தில்தான் கண்ணுக்கு வேலை. அதற்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் அந்தப் பறவையோடு குடித்தனம் நடத்தப்போவது காது. தங்கையிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்.

ஜீப்ராவின் குரல் எப்படி இருக்கும் என்றால், திருவிழாவில் விற்கும் ரப்பர் பொம்மையை அழுத்தினால் வருமே, அந்த "மீப்". ஒரு தடவை கேட்டால் சிரிப்பு வரும். அது ஒரு நாளில் எத்தனை தடவை என்பதுதான் கேள்வி. ஜோடியில் ஒன்று கூண்டின் இந்த மூலையிலிருந்து மீப் என்றால் மற்றது அந்த மூலையிலிருந்து மீப் என்று பதில் சொல்லும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதும் சொல்லும். ஆண் மட்டுமே பாடும். ஒவ்வோர் ஆணுக்கும் ஒரே ஒரு பாட்டு. அதுவும் ஒரு நொடி அளவே நீளும் துண்டு, திரும்பத் திரும்ப. குஞ்சாக இருக்கும்போது தகப்பனிடம் கேட்டுப் படிப்பது அது. ஏறத்தாழ மூன்று மாத வயதில் கெட்டிப்பட்டுவிடும், அதன் பின் வாழ்நாள் முழுவதும் மாறாது. மூளை ஆய்வாளர்களுக்கு இந்தப் பறவை மிகவும் பிடிக்கும். குழந்தை பேசக் கற்பதையும் இது பாடக் கற்பதையும் பக்கத்தில் வைத்து ஆராய்கிறார்கள். கோழிக்கு அடுத்தபடியாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட பறவை இதுவே. 2010ஆம் ஆண்டு வெளியானது. அறிவியலுக்கு நல்லதாக இருக்கலாம். நங்கநல்லூரில் என் வீட்டுக்கு மேலே விமானம் இறங்கும்போது தொலைக்காட்சியே கேட்காது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் என் ஜீப்ராவின் மீப் கேட்டது. மதியம் கண்ணயரும் என் மாமியார் ஒரு நாள், "அந்தப் பொம்மைக்கு எப்போது சாவி தீரும்?" என்று கேட்டார்.

பெங்காலீஸ் பேசிக்கொள்வது தாழ்ந்த குரலில், "ட்ரிட் ட்ரிட்" என்று. பக்கத்து அறையில் யாரோ கிசுகிசுப்பதுபோல் இருக்கும். இதிலும் ஆண்தான் பாடும். கழுத்தை நீட்டி, இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கிளையில் இப்படியும் அப்படியும் சின்னதாகத் துள்ளியபடி பாடும். ஜீப்ராவைப் போல் ஒரே துண்டைத் திருப்பிப் போடாது. சுரங்களின் வரிசையை மாற்றி மாற்றிக் கோக்கும். இதில் ஒரு விந்தை. ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒகனோயா காட்டுச் சில்லையின் பாட்டையும் பெங்காலீஸின் பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். காட்டுப் பறவையின் பாட்டு எளிமையானது, பெரும்பாலும் மாறாதது. கூண்டுப் பறவையின் பாட்டோ சிக்கலானது. வளர்த்தவர்கள் பாட்டுக்காக யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. நிறத்தையும் குஞ்சு வளர்க்கும் குணத்தையும்தான் பார்த்தார்கள். பருந்துப் பயமும், இனம் மாறிக் கூடிவிடுவோமோ என்ற நெருக்கடியும் இல்லாத இடத்தில் பாட்டு தன் போக்கில் வளர்ந்துவிட்டது என்பது அவர் விளக்கம். சுகவாசி வீட்டில் சங்கீதம் பெருகும் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல.

ஆக, பகலில் தூங்கும் ஆள் இருக்கும் வீட்டுக்குப் பெங்காலீஸ். இத்தோடு முடித்திருக்கலாம். தங்கை விடவில்லை. "குழந்தைக்குக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆசை" என்றாள்.

இந்த இடத்தில் ஜீப்ராவைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கூடு கட்டுவது பழக்கம் அல்ல, வெறி. பாலைநிலத்தில் மழை எப்போது வரும் என்று தெரியாது, வந்தவுடன் குடும்பத்தைப் பெருக்கிவிட வேண்டும். அப்படிப் பழகிய பறவை. நம் வீட்டிலோ தினையும் தண்ணீரும் என்றைக்கும் உண்டு. அதன் கணக்கில் வருடம் முழுவதும் மழைக்காலம். பக்கவாட்டில் ஓட்டை வைத்த சின்ன மண்பானையைக் கூண்டில் கட்டிவிட்டால் போதும். நாலு முதல் ஆறு முட்டை, பன்னிரண்டு பதினான்கு நாள் அடை, மூன்று வாரத்துக்குள் குஞ்சு வெளியே வந்து உட்கார்ந்துவிடும். கறுத்த அலகோடு தலையைத் திருகிக்கொண்டு அது இரை கேட்கும் அழகைப் பார்ப்பதற்குள் அம்மா அடுத்த முட்டைக்குத் தயார். அந்தக் குஞ்சுகளும் மூன்று மாதத்தில் வயதுக்கு வந்துவிடும். என் வீட்டில் ஒரு ஜோடி பத்து மாதத்தில் பதினோரு பறவையானது. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், பால்காரர் என்று எல்லோரிடமும் கொடுத்துப் பார்த்தேன். நார் கிடைத்தால் முட்டையின் மேலேயே மெத்தை விரித்து, அதன் மேல் இன்னொரு சுற்று முட்டை வைக்கும். நார் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பறவையின் வால் இறகைப் பிடுங்கும். ஒரு முறை இடப்பற்றாக்குறைக்காக இரண்டு பெங்காலீஸ்களை அதே கூண்டில் விட்டேன். நாலாம் நாள் இரண்டும் வாலில்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தன. சேர்த்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய கூண்டில் சரிப்படலாம். எனக்குச் சரிப்படவில்லை.

பெங்காலீஸும் குஞ்சு பொரிக்கும், ஆனால் நிதானமாக. அடை பதினைந்து நாள் போல; குஞ்சு வெளியே வர ஜீப்ராவைவிடச் சில நாள் கூடும். பொறுப்பில் இதை மிஞ்ச ஆள் இல்லை. வேறு இனத்து முட்டையை வைத்தாலும் தன் பிள்ளையாக வளர்த்துவிடும். கூல்டியன் ஃபின்ச் போன்ற விலை உயர்ந்த பறவைகளை வளர்ப்பவர்கள் பெங்காலீஸைச் செவிலித் தாயாக வைத்துக்கொள்வது இதனால்தான். கிளாஸ் இம்மெல்மான் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஜீப்ராக் குஞ்சுகளைப் பெங்காலீஸிடம் வளர்க்கக் கொடுத்தார். அந்த ஆண் குஞ்சுகள் வளர்ந்த பிறகு பெங்காலீஸ் பாட்டைப் பாடின, பெங்காலீஸ் பெண்களையே நாடின. வளர்த்தவள் வீட்டு வழக்கம் ஊறிவிட்டது.

குஞ்சே வேண்டாம் என்றால் இரண்டுக்கும் ஒரே மருந்து: பானையைக் கழற்றிவிடுவது. ஜீப்ரா அப்போதும் தினைக் கிண்ணத்தில் முட்டையிட்டுப் பார்க்கும். பெங்காலீஸுக்குப் பானை படுக்கையும்கூட. ஏழு பறவை இருந்தால் ஏழும் ஒரே பானைக்குள் அடைந்துகொண்டு தூங்கும், வெளியே இரண்டு வால் மட்டும் தெரியும். அதைப் பார்த்த பிறகு கழற்ற மனம் வராது. இரண்டு ஆண்களையோ மூன்று பெண்களையோ வைத்துக்கொண்டாலும் சண்டை இல்லாமல் வாழும் பறவை இது. அதனால் ஜோடி கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதும் இல்லை.

வெயில் விஷயத்தில் ஜீப்ராவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். கத்திரி வெயிலில் என் ஜீப்ராக்கள் சளைக்கவே இல்லை. இன்னொன்றும் உண்டு: வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால், அடைகாக்கும் ஜீப்ரா பெற்றோர் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு ஒரு தனிக்குரல் கொடுக்கின்றன, அதைக் கேட்ட குஞ்சு வெப்பத்துக்கு ஏற்றபடி வளர்ச்சியை மாற்றிக்கொள்கிறது என்று 2016இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நம் ஊரில் 26 டிகிரியைத் தாண்டாத நாள் எத்தனை? சென்னை ஜீப்ராக்கள் வருடம் முழுவதும் அதைத்தான் ஓதிக்கொண்டிருக்கும் போல. ஆனால் மேற்குப் பார்த்த பால்கனியில் மதிய வெயிலில் கூண்டைத் தொங்கவிட்டால் எந்தக் குருவியும் தாங்காது. அலகைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இருந்தால் உடனே உள்ளே எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேறு பாடு: தினை ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது.

மற்றதெல்லாம் இரண்டுக்கும் பொது. கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். இவை கிளி போல் ஏறுவதில்லை, பக்கவாட்டில் பறக்கின்றன. இரண்டரை அடி நீளமாவது வேண்டும், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தீனியில் ஒரு சங்கடம். சிறுதானியம் நாகரிகமாகிவிட்ட பிறகு மளிகைக் கடையில் கிடைப்பதெல்லாம் உமி நீக்கிய தினை அரிசி. குருவிக்கு வேண்டியது உமியோடு கூடிய முழுத் தினை, சாமை, பனிவரகு. சங்கத்துக் குறிஞ்சிப் பெண்கள் பரணில் ஏறித் தினைப்புனத்தில் பறவை விரட்டினார்கள். நாம் கடைகடையாக அலைந்து தினை வாங்கிப் பறவையை அழைக்கிறோம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள்; கம்பியில் செருகிவிட்டால் கொத்திக்கொள்ளும்.

கிண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. குருவி தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே விட்டுவிடும். பார்த்தால் கிண்ணம் தளும்ப இருக்கும். இரண்டு நாள் நான் ஊரில் இல்லாதபோது கணவர் "நிறைய இருக்கிறதே" என்று விட்டுவிட்டார். திரும்பி வந்து கிண்ணத்தை ஓர் ஊது ஊதினேன். உமி அத்தனையும் பறந்து அடியில் ஏழெட்டுத் தினை மணி கிடந்தது. பறவைகள் இறகு உப்பி உட்கார்ந்திருந்தன. தினமும் காலையில் ஊதிப் பார்க்க வேண்டும். சமையலறையில் ஒட்டாத பூச்சுத் தோசைக்கல்லை அளவுக்கு மீறிக் காய விட்டால் எழும் புகை குருவிகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்திப் புகையும் ஆகாது. தீபாவளி வெடிக்கு இருட்டில் மிரண்டு கம்பியில் மோதும். அன்று இரவு சின்ன விளக்கு எரியட்டும். பால்கனிக் கூண்டுக்குக் காக்கையும் பூனையும் வரும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இனி வாங்கும் இடம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பறவைகள் குவிந்து கிடக்கும், கடைகளிலும் கிடைக்கும். எங்கே போனாலும் பெங்காலீஸ் வாங்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. என் முதல் பெங்காலீஸ் ஜோடி பெங்காலீஸே அல்ல. "சாக்லேட் கலர்" என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். மேலே ஒரே பழுப்பு, கீழே வெளிறிய நிறம். கூண்டருகே போனாலே கம்பியில் முட்டி நெற்றி புண்ணானது. வீட்டுப் பறவை இப்படி மிரளாதே என்று தோன்றியது, ஆனாலும் பழகிவிடும் என்று இருந்துவிட்டேன். சில மாதம் போய் இறகு உதிர்ந்து முளைத்தபோது மார்பில் மீன் செதில் போல வரிசை வரிசையாகக் கோலம் எழும்பியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக் கோரையில் கூட்டமாக வந்து உட்காருமே, அதே புள்ளிச் சில்லை. வலை போட்டுப் பிடித்த காட்டுக் குஞ்சுகளை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாங்கியவரும் தப்ப முடியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டபோது, விற்றவர் படாத வெட்கத்தை நான் பட்டேன். அதனால் தங்கைக்குச் சொன்னது: திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்த பெங்காலீஸை மட்டும் எடு, அந்த ஒழுங்கில்லாத வெள்ளை காட்டுச் சில்லைக்கு வராது. பச்சை, ரோஜா நிறத்தில் குருவி காட்டினால் அது சாயம் பூசிய சில்லை. நின்று விலை கேட்காதே. ஜாவா குருவி என்று சாம்பல் உடம்பும் சிவந்த தடித்த அலகுமாக ஒன்றும் காட்டுவார்கள். அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பறவை. வைத்திருந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஜீப்ராவை வாங்கினால் இந்தக் குழப்பம் ஏதும் கிடையாது. அதைப் போல் இங்கே காட்டில் எதுவும் இல்லை.

பெங்காலீஸில் ஆணைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதாகச் சொன்னேன். நாலு பறவை வாங்கு. ஒன்றை மட்டும் தனிக் கூண்டில் வேறு அறையில் அரை நாள் வைத்துவிட்டு, மறுபடி மற்றவற்றோடு விடு. ஆணாக இருந்தால் சேர்ந்த சந்தோஷத்தில் சற்று நேரத்தில் இறகை உப்பிப் பாடிவிடும். காலில் நிற வளையம் போட்டு அடையாளம் வைத்துக்கொள். பாடாததெல்லாம் பெண் என்று உடனே முடிவு கட்டிவிடாதே, இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்.

தங்கை மகள் படங்களைப் பார்த்துவிட்டு ஜீப்ராதான் வேண்டும் என்று இரண்டு நாள் அழுதாளாம். அவள் அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் கைப்பேசியில் ஜீப்ராவின் குரலைப் போட்டுக் கேட்டிருக்கிறார். அரை நிமிடம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அணைத்துவிட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பெங்காலீஸ் வீட்டுக்கு வந்தன. நாலுக்கும் வெள்ளைத் திட்டு இருக்கிறது, படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மிக மெல்லிய குரலில், "பெரியம்மா, நீல வளையம் போட்டது உப்பிக்கொண்டு துள்ளுகிறது. போனைக் கூண்டுப் பக்கம் பிடிக்கிறேன். இது பாட்டா, பேச்சா என்று கேட்டுச் சொல்லுங்கள். அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள்" என்றாள்.